இறுக அடைக்கவும்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புத் தாளிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வழக்கமாகப் போகும் பழைய நூலகத்தில், மாடிப்படியின் அடியில் ஒருநாள் குறுக்கே கயிறு கட்டி ஒரு தாளைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டே வரி. ‘மாடித் தளம் மூடப்பட்டுள்ளது. காரணம் ஆராயப்படுகிறது.’ ஏழு வாரம் அந்தத் தாள் அப்படியே தொங்கியது. எட்டாவது வாரம் போனபோது முதல் வரி மட்டும் இருந்தது. இரண்டாவது வரியை யாரோ அளவுகோல் வைத்து நேராக, பொறுமையாகக் கிழித்து எடுத்திருந்தார்கள்.

அப்படியென்றால் காரணம் தெரிந்துவிட்டது. யாருக்கு? தெரிந்ததை அவர் எங்கே, எந்த வார்த்தைகளில் எழுதினார்? புத்தகம் பதிந்து கொடுப்பவரிடம் கேட்டேன். “அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நமக்கு மேல போகாதேன்னாங்க, போகலை,” என்றார்.

மீதி எல்லாம் நான் கட்டியது. மரத்தளங்களைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றின் மேல் நடக்கலாம் என்பதுதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘நூற்று நாற்பது ஆண்டுகளாக அந்த மரத்தளம் மனிதர்களின் பாரத்தை மௌனமாகச் சுமந்துகொண்டு’

இதோடு நிறுத்திவிட்டேன். மரத்தளம் எங்கே மௌனமாகச் சுமக்கிறது? ஒவ்வோர் அடிக்கும் முனகுகிறது. அந்த வாக்கியத்தில் மரமும் இல்லை, மனிதரும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

இரண்டாவது தொடக்கத்தில் கரையான் வந்தது. மூன்று பக்கம் கரையானாக எழுதினேன். பழைய கட்டிடங்களில் வேலை செய்யும் ஒரு தச்சரிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டுவிட்டு, “கரையான் அரிச்சா யார் மேலயும் தப்பு இல்லைங்க. மருந்தடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம். உங்களுக்குக் கதை வேணும்னா, யாரோ நல்லா இருக்கட்டும்னு எதையாவது செஞ்சிருக்கணும்,” என்றார்.

மூன்று பக்கத்தையும் கிழித்தேன். மூன்றாவது தொடக்கம் நின்றது:

அவள் மண்டியிட்டு, சுவரோரப் பலகையைப் பெயர்த்த இடத்தில் கையை விட்டாள். கெட்டியான மரம் தட்டுப்பட வேண்டிய இடத்தில், நனைந்த அட்டைபோல ஏதோ பிய்ந்து விரல்களோடு வந்தது.

3

அவள் ஒரு பொறியாளர். பழைய கட்டிடங்களின் தளங்கள் இன்னும் எவ்வளவு தாங்கும், எங்கே பலப்படுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்வது வேலை. அவளுக்குப் பக்கத்தில் கையில் விளக்கோடு குனிந்திருப்பவர் அவளுடைய அண்ணன். தச்சர். எட்டு வயது மூத்தவர். அவர் பத்தாவதோடு உளியைப் பிடித்தார். அந்த உளியில்தான் அவள் கல்லூரி வரை போனாள். அவள் தேறிவந்த நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “டிகிரி” என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி பெருமை. எது எந்தப் பாதி என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

“என்ன டிகிரி, முகம் ஏன் இப்படிப் போகுது?”

“முனை போயிடுச்சுண்ணா.”

“எவ்வளவு?”

“என் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ள போகுது.”

அந்தத் தளம் எப்படிப்பட்டது என்பதை நானும் ஒரு மாதம் அலைந்துதான் புரிந்துகொண்டேன். உங்களுக்கு நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். நாம் மிதிப்பது பலகை. பலகைக்கு அடியில், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை, முழங்கை இடைவெளியில் வரிசையாகச் சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சட்டத்தின் இரண்டு முனைகளும் சுவரில் விட்டிருக்கும் குழிகளுக்குள் ஒரு சாண் நுழைந்து உட்கார்ந்திருக்கின்றன. தளத்தின் உயிர் அந்த இரண்டு சாணில்தான். யார் கண்ணுக்கும் படாத இடமும் அதுதான்.

(கடைசி இரண்டு வாக்கியங்களை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அர்த்தம் கொஞ்சம் அதிகமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் உண்மை. இருக்கட்டும்.)

நூலகர் பின்னால் வந்து நின்றார். கீழே புத்தக அலமாரிகளுக்கு நடுவே இரும்பு முட்டுகளை நிறுத்தியதிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. “மொத்தத்தையும் பிச்சு எடுத்துட்டுக் கான்கிரீட் போட்டுட்டா என்ன மேடம்?” என்றார்.

அண்ணன் திரும்பாமலே பதில் சொன்னார். “ஒரு பல்லு சொத்தைன்னா தலையை மாத்திக்குவீங்களா சார்? மேல பூரா மரம் எஃகு மாதிரி இருக்கு. கெட்டது முனை மட்டும். ஒரு முழம் வெட்டிட்டு, அதே சாதி மரத்துல ஒட்டுப் போட்டு, ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வெச்சு முடுக்கிட்டா இன்னும் நூறு வருசம் நிக்கும்.”

“அப்போ முனை ஏன் கெட்டுச்சு?”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ளாமல் இருக்க இருவருமே சிரமப்பட்டது நூலகருக்குத் தெரியவில்லை.

அந்த முனையைச் சுற்றி, குழி நிறைய, சிமெண்டுக் கலவை பாறையாய் இறுகியிருந்தது.

4

பதினான்கு வருடம் முன்னால் இதே தளத்தில் இதே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அப்போது மாடியின் குறை வேறு. ஒரு மூலையில் யாராவது வேகமாக நடந்தால் எதிர்மூலையில் மேஜைமேல் இருக்கும் கோப்பை தட்டில் கிணுகிணுக்கும். அவள் படிப்பு முடித்து ஓராண்டு. அவளுக்கு வந்த முதல் பழைய கட்டிடம். சட்டங்களின் முனைகள் குழிக்குள் ஆடுவதைப் பார்த்தாள். முனையை அசையாமல் பிடித்துவிட்டால் நடுவில் குலுக்கம் குறையும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வரைபடத்தில் அம்புக்குறி போட்டு எழுதினாள்: ‘முனையைச் சுற்றி இறுக அடைக்கவும்.’

அண்ணன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது வேணாம்மா. சுவத்துல ஈரம் வரும், போகும். மரத்துக்கு அந்தக் குழிக்குள்ள கொஞ்சம் காத்து வேணும். நாலு பக்கமும் விரல் நுழையற அளவு விட்டுத்தான் பழைய ஆளுங்க வெச்சிருக்காங்க.”

“அதனாலதான் குலுங்குது.”

“குலுங்கட்டுமே. குலுங்கினா என்ன, பயமா? கிழவிங்களே ஏறி வர்றாங்க.”

“அண்ணா, கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்.”

“உன் கணக்கு சரியாத்தான் இருக்கும். மரம் கணக்குப் படிச்சிருக்கா?”

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. “நீ படிச்சியா?” என்று கேட்டுவிட்டாள்.

சிரிப்பு நின்றது. அண்ணன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “சரிப்பா, எல்லாரும் கேட்டுக்கங்க. என் தங்கச்சி வரைஞ்ச படம். ஒரு நூல் பிசகக் கூடாது,” என்றார்.

இறுக அடைத்தார்கள். தளம் கல்போல நின்றது. கோப்பை கிணுகிணுக்கவில்லை. வந்தவரெல்லாம் குதித்துப் பார்த்துப் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு மழை ஒவ்வொரு வருடமும் அந்தச் சுவரை நனைத்தது. ஈரம் குழிக்குள் போனது. திரும்பி வர வழியில்லாமல் மரத்தின் முனையிலேயே தங்கியது.

(‘அன்பும் அப்படித்தான், இறுக அடைத்தால்’ என்று இங்கே ஒரு வரி ஆரம்பித்தேன். வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே யோசித்திருப்பீர்கள். நீங்கள் யோசித்ததை நான் எழுதினால் இருவருக்குமே வெட்கம்.)

5

இனி அண்ணனைப் பற்றி எனக்குள்ள சந்தேகம்.

முதல் வரைவில் அவர் மிக நல்லவராக வந்துவிட்டார். படிக்கவைத்தார், விட்டுக்கொடுத்தார், சரியாக எச்சரித்தார். இப்படி ஒரு அண்ணன் கதையில் உட்கார்ந்தால் தங்கைக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அதனால் அவரை உற்றுப் பார்த்தேன். கோபம் வந்தால் மூன்று வாரம் பேசமாட்டார் என்று தெரிந்தது. ஒரே நகைச்சுவையை நூறு முறை சொல்வார். அவள் வரைபடத்தில் ஒரு தவறு கண்டுபிடித்தால் அன்று முழுக்க விசிலடிப்பார்.

ஆகவே நூலகர் கீழே இறங்கிப் போனதும், அந்தச் சிமெண்டைப் பார்த்த அண்ணனின் முகத்தில், ஒரு கணம், ‘அன்னிக்கே சொன்னேன்’ ஓடியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததும், வினோதம், அவளுக்கு மூச்சு சற்றுச் சுலபமாக வந்தது. கோபப்பட ஓர் இடம் கிடைத்துவிட்டது.

“சொல்லு, சொல்லிடு. மரத்துக்குக் காத்து வேணும்னு சொன்னேன்ல, அதானே?”

“நான் வாயே திறக்கலை.”

“உன் முகம் திறந்துச்சு.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு பலகைமேல் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, வேறு குரலில் பேசினார்.

“அறிக்கை என்னிக்குக் குடுக்கணும்?”

“வியாழக்கிழமை.”

“காரணம்னு ஒரு இடம் இருக்கும்ல. அதுல தச்சன் தப்பா அடைச்சிட்டான்னு எழுது.”

“அண்ணா.”

“கேளு. படம் சரி, வேலைதான் தப்புன்னு எழுது. எனக்கு என்ன போகுது? இன்னும் ரெண்டு வருசம் இந்த முட்டி தாங்கினா அதிகம். உனக்கு முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. அதைப் புடுங்கிட்டாங்கன்னா? அந்தப் பழைய படம் யார்கிட்டயும் இல்லை. என்கிட்ட இருந்ததும் நாலா மடிச்சது, எப்பவோ துவைச்சுக் கூழாயிடுச்சு.”

“என்கிட்ட இருக்கு.”

“கிழிச்சுப் போடு,” என்றார், விளக்கை அணைத்துக்கொண்டே. இதை அவர் அன்பாகச் சொன்னாரா, அதட்டிச் சொன்னாரா என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். பேச்சு மாறவில்லை. அதனால் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

6

புதன் மதியம். அவளுடைய அலுவலக அறை. ஒரு மேஜை, வரைபடங்களை நீளவாக்கில் போடும் இழுப்பறைகள், சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருக்கும் சத்தம்.

அவள் பழைய தாளை எடுத்தாள். கிழிக்கத்தான் எடுத்தாள் என்று நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அவளுடைய இருபத்துமூன்று வயதுக் கையெழுத்து, நிமிர்ந்து, ஒரு வளைவுகூட இல்லாமல். இறுக அடைக்கவும். அதற்கு அடியிலிருந்த தாளிலும் அதே படம். அதற்கு அடியில் இன்னொன்று.

அப்போதுதான் அவள் ஒவ்வொரு தாளின் தேதியையும் பார்த்தாள்.

அந்த முதல் தளம் கல்போல நின்றதால்தான் அவளுக்கு மற்ற வேலைகள் வந்தன. அடுத்த இரண்டு வருடத்தில் ஐந்து கட்டிடங்கள். ஐந்திலும் குலுங்கும் மாடி. ஐந்துக்கும் இதே படத்தைத் தேதி மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தாள். ஐந்திலும் வேலை செய்தது அண்ணன். ஒரு பழைய மருந்தகம். ஒரு வழக்கறிஞரின் அலுவலகம். தங்கும் விடுதியாக மாறிய ஒரு வீடு. ஒரு நடனப் பள்ளி. ஐந்தாவது, பெண்கள் பள்ளியின் மாடிக் கூடம். தினமும் காலை எட்டரை மணிக்கு அங்கே முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள்.

‘தச்சரின் வேலைப் பிழை’ என்று எழுதினால் பிழை இந்த ஒரு கட்டிடத்தோடு முடிந்துவிடும். மற்ற ஐந்தையும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ‘வரைபடத்தின் பிழை’ என்று எழுதினால், அந்த வரைபடம் போன இடமெல்லாம் திறந்தாக வேண்டும். பழியைத் தன்மேல் போடச் சொல்லி அண்ணன் கொடுத்த பரிசு அந்த முந்நூறு பேரின் காலடியில் இருந்தது. அவருக்கு அது தெரியாது. நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார்.

(அவள் ஏன் இத்தனை வருடம் இதை யோசிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காற்று விட வேண்டும் என்பதை அவள் ஐந்தாறு வருடம் கழித்து வேறு வேலைகளில் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு அப்படித்தான் வரைந்தாள். பின்னால் திரும்பி மட்டும் பார்க்கவில்லை. இதற்கு நான் காரணம் கண்டுபிடித்துத் தர மாட்டேன். எனக்கும் பழைய எழுத்துகள் உண்டு, திறக்காமல் வைத்திருக்கிறேன்.)

7

முடிவுகள்.

அ. அவள் அண்ணன் சொன்னபடி எழுதுகிறாள். நூலகம் திறக்கிறது. ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே வயதாகிறாள். இதை நான் நான்கு பக்கத்துக்கு எழுதினேன். மொழி அவ்வளவு அழகாக வந்தது. குற்றவுணர்ச்சியைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் நன்றாக வருகிறது. அதனாலேயே சந்தேகப்பட்டு நிறுத்தினேன். அவளுடைய வருத்தம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை அந்தத் தளத்தின்மேல் வருடக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தேன்.

ஆ. அவள் உண்மையை எழுதுகிறாள். அண்ணன் அவள் தோளைத் தட்டி, கண்கள் பனிக்க, ‘நீதான் என்

இல்லை. அந்த மனிதர் மூன்று வாரம் பேசாமல் இருக்கக்கூடியவர்.

இ. இது எனக்கு மிகப் பிடித்திருந்தது. முதல் கட்டிடத்தில் மட்டும்தான் அண்ணன் அவள் சொன்னபடி அடைத்தார். மற்ற ஐந்திலும், அவளிடம் சொல்லாமல், குழியின் வாய்ப்பக்கம் மட்டும் கலவையைப் பூசி, உள்ளே விரல் இடைவெளி விட்டுவிட்டார். ஐந்து தளமும் நலம். தங்கையின் மானத்தையும் காப்பாற்றினார், மரத்தையும் காப்பாற்றினார். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் வங்கியில் வேலை பார்த்தவள், கதைகளுக்கு இளகாதவள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “யார் தெறந்து பாத்தா?”

“என்ன?”

“உள்ள இடைவெளி விட்டிருக்கார்னு யார் தெறந்து பாத்தா? நீ பாத்தியா? அவரே சொன்னாரா? பதினாலு வருசம் முன்னாடி செஞ்சதுடி. போன வாரம் கேஸை அணைச்சேனான்னே எனக்கு ஞாபகம் இல்லை.”

இந்த இடத்தில் என்னைப்போன்றவர்கள் ‘முடிவு வாசகரின் கையில்’ என்று எழுதிவிட்டுத் தேநீர் போடப் போவது வழக்கம். அது மரியாதையான செயல் என்றும் சொல்லிக்கொள்வோம். ஆனால் பிள்ளைகள் மேலே நிற்கும்போது முடிவை உங்கள் கையில் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அண்ணன்மேல் பாரத்தை ஏற்றாதே என்று அவளிடம் சொல்லும் நான், அதையே தூக்கி உங்கள்மேல் ஏற்றக்கூடாது. ஆகவே இன்னும் கொஞ்சம் நானே எழுதுகிறேன்.

8

வியாழன் காலை அவள் எழுதினாள்: ‘காரணம்: என் வரைபடத்தில் நான் தந்த குறிப்பு. தச்சர் அதை எதிர்த்தார். என் வற்புறுத்தலால் செய்தார். இதே வரைபடம் கீழ்க்கண்ட ஐந்து இடங்களிலும் பயன்படுத்தப்பட்டது.’ முத்திரை குத்துவதற்கு முன்பே பள்ளிக்குத் தொலைபேசினாள். பிறகு அண்ணனுக்கு.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன். என் பேரைத்தான்.”

அந்தப் பக்கம் மரம் இழைக்கும் இழைப்புளியின் சத்தம் நின்றது. “அறிவிருக்கா உனக்கு? நான் குடுத்ததைத் திருப்பி என் மூஞ்சியிலேயே வீசறியா?”

“அண்ணா, இது ஒண்ணு மட்டும் இல்லை. இன்னும் அஞ்சு இருக்கு.”

“என்ன அஞ்சு?”

சொன்னாள். மருந்தகத்திலிருந்து தொடங்கி, வரிசையாக. பள்ளியைச் சொன்னதும் அவர் குறுக்கிட்டார்.

“கூடமா? மாடிக் கூடமா?”

“ஆமா.”

அவர் இழைப்புளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஒரு நப்பாசை தோன்றியது. என்னுடைய மூன்றாவது முடிவு அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

“அண்ணா, நீ என் பேச்சை எங்கேயாவது கேக்காம விட்டிருக்கியா? அங்கெல்லாம் இடைவெளி விட்டியா?”

“அடைச்சேனா, விட்டேனா...” அவர் குரல் தேய்ந்தது. “ரெண்டு மூணு இடத்துல மனசு கேக்காம லேசா விட்டேன். எங்கேன்னு தெரியலை. உன்மேல கோவம் இருந்த வேலையில எல்லாம் வீம்புக்கு நல்லா இறுக்கி அடைச்சேன். அதுவும் எதுன்னு தெரியலை.”

“பள்ளிக்கூட வேலை நடக்கும்போது நாம பேசிட்டிருந்தோமா?”

“அதான் யோசிக்கறேன்.”

அவளும் யோசித்தாள். பேசிக்கொண்டிருந்தார்களா? அந்த வருடம்தான் அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை வந்தது. சண்டை கூடத்துக்கு முன்பா, பின்பா? ஒரு தளத்தின் வலு இதில் போய் நிற்கும் என்று அவளுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

“நாளைக்கு எத்தனை மணிக்கு?” என்றார் அண்ணன்.

“நீ வர வேணாம். வேற ஆள் வெச்சுக்கறேன்.”

“வேற ஆள் பலகையை ஒடைச்சிடுவான். எத்தனை மணிக்கு?”

9

வெள்ளிக்கிழமை, எட்டு இருபது. தலைமையாசிரியை பிள்ளைகளை மாடிக்கு விடாமல் நேரே மைதானத்துக்கு அனுப்பிவிட்டார். வெயிலில் நிற்க வேண்டுமே என்று சிலர் முனகினார்கள். மற்றவர்கள் காரணம் கேட்காமலே மகிழ்ந்தார்கள்.

மேலே கூடம் காலி. மழை அடிக்கும் பக்கத்துச் சுவரோரம் அண்ணன் முதலில் உட்கார்ந்தார். ஒரு முழங்காலை மடக்கவே அவருக்கு இரண்டு தவணை ஆயிற்று. அவள் கை கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் திட்டியிருப்பார். நேற்றிலிருந்து அவர் வேலைப் பேச்சைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரக் கணக்கு தொடங்கிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரிசையாக வைத்தார். நெம்புகோலைப் பலகைக்கு அடியில் கொடுத்தார். நிறுத்தினார்.

“திறந்தப்புறம் எது இருந்தாலும்,” என்றார், பலகையைப் பார்த்துக்கொண்டே, “அது நாம ரெண்டு பேரும் செஞ்சது. நீ மட்டும் எழுதிக்காதே.”

“சரிண்ணா.”

“அந்தப் பக்கம் புடி, டிகிரி.”

பிடித்தாள். பலகை நீளமாக முனகி மேலே வந்தது. குழியின் இருட்டு தெரிகிறது. இருவரும் ஒரே நேரத்தில் குனிகிறார்கள், தலைகள் இடித்துக்கொள்ளும் அளவுக்கு.

நான் இங்கே எழுதுவதை நிறுத்துகிறேன். உள்ளே விரல் நுழையும் இடைவெளியா, பாறையாக இறுகிய சிமெண்டா என்று எனக்குத் தெரியாது. நேற்று அதைத் தெரிந்ததுபோல எழுத என்னால் முடிந்திருக்கும், இன்று முடியவில்லை. ஆனால் கீழே மைதானத்தில் முந்நூறு குரல்கள் கேட்கின்றன, வரிசை கலைந்து, இங்கிருந்து எல்லாமே ஒரே இரைச்சலாக. தளத்தின்மேல் இந்த இரண்டு பேரைத் தவிர இப்போது யாரும் இல்லை. அவர்கள் எங்கே மண்டியிட வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

இனி முடிவை உங்களிடம் தரலாம். நீங்கள் எதை எழுதினாலும் யாருக்கும் அடிபடாது.